புறாக்கள் மயிலைத் தின்ற சனிக்கிழமை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மயிலை அழித்தது நான்தான். ஆறடி நீளம், நாலு வண்ணம், ஒன்பது பெண்கள் ஒன்றரை நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து போட்ட அரிசிக் கோலம். அதற்காக வாயால் மன்னிப்புக் கேட்டேன், கடிதத்தில் கேட்டேன், துடைப்பத்தாலும் கேட்டேன். ஆனால் அன்றைக்கு நடத்திய பாடத்துக்கு இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. (சொல்லிட்டேன், அப்புறம் யாரும் ஆள் அனுப்பக் கூடாது.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு வருடம் தரச் சோதனைப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, எனக்குப் பாடம் நடத்தத்தான் பிடிக்கும் என்று ஒருநாள் வேலையை விட்டேன். ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டி இருந்த ஒரு தமிழ்ச் சங்கத்தில், சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்கு இலவச உயிரியல் வகுப்பு எடுக்கச் சேர்ந்தேன். பதினோரு பிள்ளைகள். எங்கள் வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில்; அங்கிருந்து ஃபெரி ஏறிப் போய் நடத்துவேன். உலகத்தையே திருத்தப் போகிறவள் மாதிரி ஒரு நடை இருக்கும் எனக்கு. அந்த நடையை இப்போது நினைத்தால் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டலாம் போலிருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, இயற்கைத் தேர்வு வரும்வரை. பரீட்சைக்கு அவ்வளவாகத் தேவையில்லை, மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ உயிரியலில் அதுதான் உயிர். அதை விட்டுவிட்டு மற்றதை நடத்துவது தாலி இல்லாமல் கல்யாண விருந்து போடுகிற மாதிரி. விலாவாரியாக நடத்தினேன். அந்த வாரமே ஒரு பையன் வீட்டில் சாப்பிடும்போது, நம்ம சித்தப்பாவும் தண்ணீர்மலைக் கோயில் குரங்கும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லியிருக்கிறான். (நான் சொன்னது மனிதர்கள் எல்லோரையும். சித்தப்பாவைத் தனியாகப் பொறுக்கியெடுத்தது அவன் சொந்த முயற்சி.) சித்தப்பா சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர். புகார் வந்துவிட்டது.

சங்கத் தலைவர் தருமலிங்கம் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுபதைத் தாண்டியவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சிலிருந்து யாழ்ப்பாணம் போகாத மனிதர்.

"பிள்ளை, என்ர பாட்டனார் யாழ்ப்பாணத்திலயிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில கிளார்க்கா இருந்தவர். நாங்கள் எங்கையிருந்து வந்தம் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "அதுக்கு முன்னால ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு முதலும் கிளார்க்தான்."

ஆனாலும் நியாயமான மனிதர். ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை சங்கத்தில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. பெற்றோர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் கண் முன்னால் அதே பாடத்தை நடத்த வேண்டும். ஒருவரும் குறை சொல்லாவிட்டால் வகுப்பு நடக்கும். ஒரு புகார் வந்தாலும் வகுப்புக்கு மூடுவிழா, அந்த நேரம் நடன வகுப்புக்குப் போய்விடும். பதினோரு பிள்ளைகளின் உயிரியலும் என் புது வாழ்க்கையும் அந்த ஒரு மணி நேரத்தில் தொங்கின.

நானா விடுவேன்? ஒரு விளையாட்டைத் தயார் செய்தேன். பூப்போட்ட பாத்தேக் துணி ஒன்றை விரிக்க வேண்டியது. அதன் மேல் நாலு வண்ணத்தில் சின்னச் சின்னக் காகித வட்டங்களைத் தூவ வேண்டியது. அவைதான் பூச்சிகள். மாணவர்கள் பறவைகள், கையில் துணிக் கிளிப்புதான் அலகு. ஒரு நிமிடத்தில் கண்ணில் படுவதைக் கொத்தி எடுக்க வேண்டும். துணியின் நிறத்தோடு கலந்து தப்பித்த வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு பிள்ளை. மறுபடி கொத்தல். நாலு தலைமுறையில் துணி நிறத்து வட்டங்கள் மட்டும் பெருகியிருக்கும். யாரும் திட்டம் போடவில்லை, எந்தப் பூச்சியும் முயற்சி செய்து நிறம் மாறவில்லை, தானாக நடந்தது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். என் கணவர் சேகர் வேலை முடிந்து வந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து காகிதத்தில் ஓட்டை போட்டுப் போட்டு வட்டம் செய்து கொடுத்தார். கட்டை விரல் வீங்கிவிட்டது அவருக்கு.

அந்தத் துணியையும் வட்டங்களையும் நான் ஃபெரியில் விட்டுவிட்டு இறங்கினேன்.

ஏன் விட்டேன் என்றால், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கடலைப் பார்த்துப் பெற்றோர்களுக்கான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன் போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். கரை வந்ததும் கம்பீரமாக இறங்கிப் போனேன். கைப்பை இருந்தது, அதில் துணிக் கிளிப்புகள் இருந்தன. பூச்சிகள் மட்டும் பட்டர்வொர்த்துக்குத் திரும்பிப் போய்விட்டன.

சங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை. விருந்தினர் வரப் பத்தரை ஆகும். மண்டபத்தின் மடக்குக் கதவுகள் அகலத் திறந்து கிடந்தன, வெளியே அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கூரை போட்ட நடைபாதை, அதற்கப்பால் தெரு. கதவுக்கு உள்ளே தரையில் அந்த மயில். மகளிர் பிரிவுத் தலைவி லெட்சுமி அக்காவின் கைவண்ணம். நீலக் கழுத்து, பச்சைத் தோகை, தோகைக் கண்களில் சிவப்பு, அலகும் காலும் கொண்டையும் மஞ்சள். அக்காவும் மற்றப் பெண்களும் சேலை மாற்ற மாடிக்குப் போயிருந்தார்கள். மிச்ச வண்ண அரிசி ஓரத்தில் பைகளில் இருந்தது. பதினோரு பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் மயிலைப் பார்த்தேன். பாத்தேக் துணியை விட எவ்வளவு நல்ல களம் இது என்று தோன்றியது. (தோன்றக் கூடாது. தோன்றிவிட்டது.) எதிர்க்கடைக்கு ஓடி பச்சைப்பயறு, மைசூர்ப்பருப்பு, உளுந்து, கொண்டைக்கடலை என்று நாலு பொட்டலம் வாங்கி வந்தேன். தோகை மேல் பத்துப் பத்தாகத் தூவுவோம், கிளிப்பால் பொறுக்கி எடுத்துவிடுவோம், கோலத்தில் ஒரு அரிசி நகராது, அக்கா வருவதற்குள் முடிந்துவிடும். தரச் சோதனைப் பிரிவில் எட்டு வருடம் இருந்தவளின் கணக்கு இது.

முதல் சுற்று அருமையாக நடந்தது. பச்சைத் தோகையில் உளுந்தும் பருப்பும் கடலையும் பளிச்சென்று தெரிந்து மாட்டிக்கொண்டன, பச்சைப்பயறு மட்டும் தப்பித்தது. பிள்ளைகள் குனிந்து கிளிப்பை நீட்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். இந்த நேரம் பார்த்துப் பெற்றோர்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கி, சுற்றி நின்று ஆர்வமாகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் தலைமுறைக்கு ஒவ்வொன்றாகப் போடுவானேன் என்று கை நிறையப் பயறை அள்ளி, நின்ற உயரத்திலிருந்தே சலசலவென்று கொட்டினேன். பாதி தோகையில் விழுந்தது, பாதி சிமெண்டுத் தரையில் சிதறி அஞ்சடி வரைக்கும் ஓடியது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறந்துபோனேன். அதை வேறு எந்த ஊர்க்காரியும் மறக்கலாம், நான் மறக்கக் கூடாது. அந்தத் தெருவில் புறாக்களுக்குத் தீனி போடுவது நம் ஆட்களின் வழக்கம். பிறந்தநாளா, பயறு. சனிப்பெயர்ச்சியா, பயறு. மகனுக்கு நல்ல வேலை கிடைக்கவில்லையா, இரண்டு கிலோ பயறு. எனக்கே கல்யாணம் தள்ளிக்கொண்டு போனபோது, பதினோரு சனிக்கிழமை காலையில் அதே தெருவில் நின்று பச்சைப்பயறு கொட்டியிருக்கிறேன். (பன்னிரண்டாவது சனிக்கிழமை சேகர் பெண் பார்க்க வந்தார். புறாக்கள் தங்கள் வேலையைச் செய்தன.) சனிக்கிழமை காலை, சிமெண்டுத் தரை, பயறு விழும் ஓசை. அந்தப் புறாக்களுக்கு இதைவிடத் தெளிவான அழைப்பிதழ் கிடையாது.

முதலில் இரண்டு வந்தன. பண்பாகத் தலையை ஆட்டிக்கொண்டு நடந்து உள்ளே வந்தன. பிறகு நாற்பது வந்தன, அவற்றிடம் பண்பு எதுவும் இல்லை. நான் துப்பட்டாவை வீசித் துரத்தினேன். ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் இறங்கின. பயறு முடிந்ததும் அரிசிக்குத் தாவின. மயிலின் கொண்டை போனது, அலகு போனது, கால் இரண்டும் போனது. தோகைக் கண்கள் ஒவ்வொன்றாகக் குருடாயின. வகுப்பு போச்சு, வாய்ப்பு போச்சு, லெட்சுமி அக்கா இறங்கி வந்தால் உயிரும் போச்சு.

அப்போதுதான் யோகினி என்கிற படிவம் நான்கு மாணவி, அதுவரை வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காதவள், மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், செவப்பும் மஞ்சளும்தான் போயிருச்சி. நீலமும் பச்சையும் அப்படியே இருக்கு. கொத்திப் பாத்துட்டுத் துப்பிருதுங்க. டீச்சர் சொன்னது இதானா?"

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். மஞ்சள் அரிசியும் சிவப்பு அரிசியும் காணோம். நீலமும் பச்சையும் சிதறிக் கிடந்தனவே தவிரக் குறையவில்லை. அந்த இரண்டுக்கும் போஸ்டர் சாயம் கலந்திருந்தார்கள். மஞ்சளுக்கு நல்ல மஞ்சள் தூள். சிவப்புக்கு என்ன போட்டார்கள் என்பது அப்போது தெரியாது.

ஒரு நல்ல மனுஷி அந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்? புறாக்களை விரட்டி, கதவைச் சாத்தி, எல்லோர் காலிலும் விழுந்திருப்பாள். எனக்கு அந்த நல்ல மனுஷி வேலை ஒருநாளும் சரிப்பட்டு வந்ததில்லை. அதுவரை பலகையில் எழுதி எழுதிப் புரியவைக்க முடியாததை நாற்பது புறாக்கள் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டியிருந்தன. இதை நான் நிறுத்துவதா?

"இதேதான். அந்தப் பைகள எடுங்க. பொழச்சதுக்குத்தான் பிள்ள உண்டு. என்னென்ன கலர் மிச்சம் இருக்கோ, அந்தக் கலர் மட்டும் போடுங்க" என்றேன்.

ஒரு பையன், அரிசி குட்டி போடாதே டீச்சர் என்றான். அதற்காகத்தான் நாம் போடுகிறோம், நீ பேசாமல் போடு என்றேன். பிள்ளைகள் நீலத்தையும் பச்சையையும் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். புறாக்கள் எட்டிப் பார்த்தன, கொத்தின, துப்பின. அழகுக்காகப் போட்ட சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வாரிசே இல்லாமல் போனது. மயில் இருந்த இடத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு பெரிய பாய் விரிந்தது.

பெற்றோர்களில் ஒருவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், முன்னால் வந்து நின்றார். "அப்ப டீச்சர், பச்சக் கலரு அரிசிதான் ஒசத்தியா?"

"ஒசத்தியெல்லாம் இல்ல அண்ணே. இந்தப் புறாவுக்கு முன்னால அது பொழச்சிக்கிச்சி, அவ்ளோதான். நாளைக்கு வேற எது வந்து சாயத்த விரும்பித் தின்னா, மஞ்சள்தான் நிக்கும்."

அவர் தன் மகன் பக்கம் திரும்பி, நீ ஏன்டா இதை இப்படி வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உலகமே கைக்குள் இருந்தது.

அந்த நிமிடம் முடிந்ததும் வாசலில் நாதஸ்வரம் முழங்கியது. யாரோ ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் பட்டு ஜிப்பாவில், தருமலிங்கம் ஐயா மாலையோடு, பின்னால் அறுபது பேர். ஓசை கேட்டதும் நாற்பது புறாக்களும் ஒரே நேரத்தில் எழும்பின. வெளியே போக இருந்தது ஒரே வழி, அந்த வழியில்தான் சிறப்பு விருந்தினர் நின்றார். இறக்கைக் காற்றில் நீலமும் பச்சையுமாக மொத்தக் கோலமும் கிளம்பிப் போய் அவர் மேல் இறங்கியது. ஜிப்பாவிலும் தலையிலும் மயில் நிறத்தில் அரிசி. ஐயாவின் கஞ்சிச் சட்டையில் புறாக்கள் தங்கள் பங்குக்கு வேறு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயின.

சரியாக அதே நேரத்தில் லெட்சுமி அக்கா மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் மாடிப்படி இறங்கினார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. நேராக மூலைக்குப் போய் ஒரு துடைப்பத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "கூட்டு" என்றார். இன்னொரு துடைப்பத்தை அவரே எடுத்துக்கொண்டார். பட்டுச் சேலையோடு அவர் ஒரு பக்கம், பஞ்சாபி சூட்டோடு நான் ஒரு பக்கம். விருந்தினரை எல்லோரும் மேலே சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா குரலைத் தாழ்த்தி, சிவப்பை மட்டும் ஏன் ஒன்றுவிடாமல் தின்றது என்று கேட்டார். தெரியவில்லை அக்கா, எதில் கலந்தீர்கள் என்றேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். "செவப்புச் சாயம் முடிஞ்சிருச்சி. ரோஸ் சிரப்ப ஊத்தி வெயில்ல காய வச்சேன். இத வெளிய சொன்னீன்னா கோலத்துக்குச் சேர்த்து வச்சி வாங்கிருவேன், பாத்துக்க."

நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதுகூட, போன மாதம் அவரே தொலைபேசியில் அனுமதி கொடுத்த பிறகுதான்.

மதியம் செயலவை அறையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. இரண்டே வரி. கோலத்தை அழித்ததற்கு மனம் வருந்துகிறேன் என்பது முதல் வரி. இனி இதுபோன்ற பாடங்களை எங்கும் நடத்த மாட்டேன் என்பது இரண்டாவது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே வகுப்பு வழக்கம்போல நடக்கும் என்றார் தருமலிங்கம் ஐயா. சட்டை மாற்றியிருந்தார். கோபம்கூட இல்லை அவருக்கு, களைத்திருந்தார். இறங்கி வந்துதான் கேட்கிறார் என்று எனக்கும் தெரிந்தது. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். இரண்டாவது வரியை அடித்தேன். முதல் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"பிள்ளை, ஒரு வரிதானே" என்றார்.

"ஐயா, கோலம் லெட்சுமி அக்காவோடது. அதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன். பாடம் பிள்ளைங்களோடது. அதுல கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்ல."

பேனா மூடியைத் தவறான பக்கத்தில் மாட்டினேன், அது கழன்று மேசைக்கடியில் உருண்டது. அதைக் குனிந்து எடுத்து, மேசையில் தலையை இடித்துக்கொண்டு, வணக்கம் சொல்லி வெளியே வந்தேன். வீரமாக வெளிநடப்புச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் பேனாவைச் சரியாக மூடப் பழகிக்கொள்வது நல்லது. அப்படியாக உயிரியல் வகுப்பு போய் நடன வகுப்பு வந்தது. ஃபெரியில் வீட்டுக்கு வரும்போது அழுதேன். கடலைப் பார்த்து உரையெல்லாம் ஆற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கேட்டில் யாரோ தட்டினார்கள். யோகினி. அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர். ஃபெரி பிடித்து, கரையிலிருந்து பஸ் ஏறி, வழி விசாரித்து வந்திருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிற அண்ணன் மகனும் இருந்தான். போன வாரம் பாதியில் நின்றுவிட்டது டீச்சர், மூன்றாவது தலைமுறையில் என்ன ஆகும் என்று கேட்டாள் யோகினி. உட்காரச் சொல்ல வீட்டுக்குள் இடம் இல்லை. சேகர் சாவியை எடுத்து, அப்போதுதான் வாங்கிய புதுக் காரைப் போர்ச்சிலிருந்து தெருவுக்கு எடுத்தார். நான் தரையில் பாய் விரித்தேன்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. இப்போது இருபத்துநாலு பேர் வருகிறார்கள், போர்ச்சில் பெஞ்சும் பலகையும் வந்துவிட்டன. இயற்கைத் தேர்வை வருடா வருடம் விலாவாரியாக நடத்துகிறேன். கார் மட்டும் திரும்ப உள்ளே வரவே இல்லை. வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, மேலே புறா எச்சத்தோடு தெருவிலேயே நிற்கிறது. தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் கேட்பார்கள், போர்ச் இருக்க ஏன் காடி வெளியே நிற்கிறது என்று. சேகர் முகத்தை வெகு சோகமாக வைத்துக்கொண்டு அதே பதிலைச் சொல்வார்.

"உள்ள இருக்கத் தகுதி இல்லலா அதுக்கு. பரிணாமத்துல வெளிய போயிருச்சி."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பேன்.

"தகுதி இல்லன்னு சொல்லாதீங்க. காடி நல்ல காடிதான். இந்த வீட்டுலதான் சூழல் மாறிருச்சி."